தெளிந்த நீருக்கு அடியில்

கடலில் கரைத்த பெருங்காயம் என்று சொல்கிறோம். எவ்வளவு போட்டாலும் மணம் தெரியாது, அத்தனை தண்ணீர். ஆலைக் கழிவு கடலில் கலக்கிறது என்று நாளிதழில் படிக்கும்போது பலருக்கும் உள்ளுக்குள் எழும் ஐயமும் இதுதான். இவ்வளவு பெரிய கடலில் அது என்னவாகிவிடப் போகிறது? கரைந்து காணாமல் போய்விடாதா?

நியாயமான ஐயம்தான். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஜப்பானின் தெற்கே, கியூஷூ தீவை ஒட்டி ஷிரானுய் என்றொரு உள்கடல் இருக்கிறது. பரப்பு சுமார் 1,200 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம் 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதில் 2,400 கோடி கன மீட்டர் நீர் இருக்கும். இதன் கரையில் உள்ள மினமாட்டா என்ற ஊரில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ரசாயன ஆலை இருந்தது. 1932 முதல் 1968 வரை அந்த ஆலை கழிவுநீரோடு கடலுக்கு அனுப்பிய பாதரசம் 70 முதல் 150 டன் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வோம். 150 டன்னையும் ஒரே நாளில் கொட்டி, ஒரு சொட்டும் வெளிக்கடலுக்குப் போகாமல் தடுத்து, உள்கடல் முழுக்கச் சீராகக் கலக்கிவிட்டால் ஒரு லிட்டர் நீரில் எவ்வளவு பாதரசம் இருக்கும்? ஏறத்தாழ 6 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பங்கிட்டால் அதில் ஆறு பங்கு. கனிமப் பாதரசத்துக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் வகுத்திருக்கும் வரம்பும் லிட்டருக்கு 6 மைக்ரோகிராம்தான்.

36 ஆண்டுக் கழிவை மொத்தமாகக் கொட்டினாலும் கடல் அதைக் குடிநீர்த் தரத்துக்கு நீர்க்கச் செய்துவிடும் என்கிறது கணக்கு. ஆனால் அந்தக் கடலின் மீனைத் தின்றவர்களில் 2,200-க்கும் மேற்பட்டோரைப் பாதரச நச்சால் நோயுற்றவர்கள் என்று அரசே சான்றளித்தது. சான்று கிடைக்காமல் நிவாரணம் மட்டும் பெற்றவர்கள் பல்லாயிரம் பேர். கூட்டல் பெருக்கலில் தவறில்லை. பாதரசம் நீரில் சீராகக் கலந்திருக்கும் என்று எடுத்த எடுப்பில் வைத்துக்கொண்டோமே, அங்கேதான் கணக்கு சறுக்கியது.

துகளைப் பற்றிக்கொள்ளும் உலோகம்

பாதரசம், ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் போன்றவற்றைக் கன உலோகங்கள் என்கிறோம். நீரில் தனித்து மிதந்து திரிவது இவற்றின் இயல்பல்ல. பக்கத்தில் ஒரு களிமண் துகளோ, மட்கிய இலையின் நுண்சிதறலோ, துருப் படலமோ கிடைத்தால் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். களிமண் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியானவை. அதனால் ஒரு கிராம் களிமண்ணின் மொத்தப் புறப்பரப்பு பல பத்துச் சதுர மீட்டர் வரும். ஒரு சிட்டிகை மண்ணுக்குள் ஒரு வீட்டுத் தரை அளவுக்கு இடம். உலோகம் ஒட்ட இதைவிட என்ன வேண்டும்? மணல் அப்படியல்ல. பரு மணலில் ஒட்டுவதற்கு இடமே குறைவு.

ஆற்றில் வரும் களிமண் துகள்கள் எளிதில் படியாது. அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதந்து வரும். மழைக்காலத்து ஆறு நாட்கணக்கில் கலங்கலாகவே ஓடுவது இதனால்தான். கடல்நீரைத் தொட்டதும் நிலைமை மாறுகிறது. உப்பிலுள்ள சோடியமும் மக்னீசியமும் நேர்மின்னேற்றம் கொண்டவை. அவை துகளைச் சூழ்ந்ததும் தள்ளுவிசை தளர்ந்துபோகும். துகள்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்து கனத்து அடியில் இறங்கும். தம்மேல் ஒட்டியிருந்த உலோகத்தையும் கூடவே கொண்டுபோகும்.

துறைமுகம் என்பது நாமே பார்த்துப் பார்த்துக் கட்டிய அமைதியான நீர். கப்பல் ஆடாமல் நிற்க வேண்டுமென்று அலைதாங்கிச் சுவர் எழுப்புகிறோம், அடிமுட்டாமல் இருக்கத் தோண்டி ஆழப்படுத்துகிறோம். மிதந்து வரும் சேற்றுக்கு இதைவிட வாகான இடம் கிடையாது. உலகின் எந்தத் துறைமுகப் பொறியாளரைக் கேட்டாலும் தூர்வாரும் செலவைப் பற்றித்தான் முதலில் புலம்புவார். இப்படிச் சேர்வதை இந்த அத்தியாயத்தில் அடிச்சேறு என்று அழைப்போம்.

நீர் அலையோடு வந்து அலையோடு போய்விடும். அடிச்சேறு தங்கிவிடும். ஒரு லிட்டர் நீரில் இருப்பதைப்போல் ஓர் இலட்சம் மடங்கு பாதரசம் அதனடியில் உள்ள ஒரு கிலோ சேற்றில் இருப்பது சாதாரணம். ஆகவே, துறைமுக நீரை ஒரு சீசாவில் பிடித்துச் சோதித்துவிட்டு எல்லாம் நலம் என்று அறிக்கை விடுபவரிடம் சேற்றைப் பார்த்தீர்களா என்று கேட்டேயாக வேண்டும்.

ஹியக்கென் வடிகால்

மினமாட்டா ஆலையில் அசிடால்டிஹைடு என்ற வேதிப்பொருளைத் தயாரித்தார்கள். பிளாஸ்டிக் தொழிலுக்குத் தேவையான பல பொருள்களுக்கு அதுதான் தொடக்கச் சரக்கு. அசிட்டிலீன் வாயுவிலிருந்து அதைச் செய்யும் வினைக்குப் பாதரசச் சேர்மம் கிரியாவூக்கி. வினை முடிந்தபின் கழிவுநீர் ஹியக்கென் என்ற வடிகால் வழியாக மினமாட்டா விரிகுடாவின் உள்மூலையில் இருந்த சிறு துறைமுகத்துக்குள் விழுந்தது. விரிகுடாவின் வாயை கோயிஜி என்ற தீவு பாதி மறைத்து நிற்கிறது. அலை அதிகம் நுழையாது. சேறு தங்குவதற்கு இயற்கை ஒரு பாதியும் மனிதர் மறுபாதியும் ஏற்பாடு செய்துகொடுத்த மாதிரி.

1956 ஏப்ரலில் நடக்கவும் பேசவும் தடுமாறிய ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஆலையின் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். அவள் தங்கைக்கும் அதே நிலை, அண்டை வீடுகளிலும் அதே நிலை. மருத்துவமனைத் தலைவர் ஹொசோகவா ஹஜிமே, காரணம் தெரியாத நரம்பு நோய் பரவுகிறது என்று மே 1 அன்று சுகாதார நிலையத்துக்கு அறிக்கை கொடுத்தார். மீனவக் குடியிருப்புகளில் பூனைகள் வெறிபிடித்தாற்போல் சுழன்று விழுந்து செத்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் பலர் கவனத்துக்கு வந்தது. நோயாளிகளும் பூனைகளும் தின்றது ஒரே விரிகுடாவின் மீனை.

சில மாதங்களிலேயே குமமோட்டோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இது தொற்றல்ல, மீன் வழியாக வந்த ஏதோ ஒரு கன உலோகத்தின் நஞ்சு என்று ஊகித்துவிட்டார்கள். எந்த உலோகம் என்று சொல்ல மட்டும் 1959 ஜூலை வரை ஆனது. இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் சேறுதான். விரிகுடாவின் சேற்றை எடுத்துச் சோதித்தால் மாங்கனீசு இருந்தது, செலினியம் இருந்தது, தாலியம், ஈயம், செம்பு, ஆர்செனிக் எல்லாம் இருந்தன. குற்றவாளியைத் தேடிப் போனவர்களுக்குச் சந்தேகப் பட்டியலே கிடைத்தது. முதலில் மாங்கனீசைப் பிடித்தார்கள், பிறகு செலினியம், பிறகு தாலியம். பாதரசம் விலை உயர்ந்த பொருளாயிற்றே, அதை யார் கடலில் கொட்டுவார்கள் என்ற நினைப்பும் குறுக்கே நின்றது. இங்கிலாந்தில் மெத்தில் பாதரசப் பூஞ்சைக்கொல்லி தயாரித்த தொழிலாளர்களைப் பற்றி 1940-இல் வெளியான மருத்துவக் குறிப்பு ஒன்று இருந்தது. பார்வை விளிம்புகள் மங்குதல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல் என்று அது விவரித்தவை மினமாட்டா நோயாளிகளின் குறிகளோடு அப்படியே பொருந்தின. அதைப் பார்த்த பிறகுதான் திசை கிடைத்தது.

பாதரசத்தைக் குறிவைத்துச் சேற்றை மீண்டும் சோதித்தபோது வந்த எண்கள் ஆய்வாளர்களையே திகைக்க வைத்தன. ஹியக்கென் வடிகால் வாயில் எடுத்த சேற்றில் பத்து இலட்சத்தில் சுமார் 2,000 பங்கு பாதரசம், அதாவது ஒரு டன் சேற்றுக்கு இரண்டு கிலோ. (இந்த அளவைப் பி.பி.எம். என்று எழுதுவது வழக்கம். ஒரு பி.பி.எம். என்றால் ஒரு டன்னில் ஒரு கிராம்.) கெடாத கடலோரச் சேற்றில் இது ஒரு பி.பி.எம்.-இன் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வடிகால் அருகே கழிவுச் சேறு நான்கு மீட்டர் தடிமன் வரை கிடந்தது. நோயாளி ஒருவரின் தலைமுடியில் 705 பி.பி.எம். இருந்தது.

ஆலை என்ன செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1958 செப்டம்பரில் அது அசிடால்டிஹைடுக் கழிவை ஹியக்கென்னிலிருந்து மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்குத் திருப்பியது. முன்பு விரிகுடாவின் மூலைக்குள் அடைபட்டிருந்த நச்சு இப்போது திறந்த உள்கடலுக்குள் போனது, அந்தக் கரையோர ஊர்களிலும் நோய் தோன்றியது. கலந்து கரைந்துவிடும் என்ற நம்பிக்கையை மனிதர்மேல் வைத்துச் சோதித்ததற்கு இது சமம். 1959 டிசம்பரில் சைக்ளேட்டர் என்ற சுத்திகரிப்புச் சாதனத்தைத் திறந்து வைத்து, அதிலிருந்து வந்ததாகச் சொல்லி நிறுவனத் தலைவர் ஒரு குவளைத் தண்ணீர் குடித்துக் காட்டினார். அது கலங்கலைத் தெளியவைக்கும் சாதனம். நீரில் கரைந்த பாதரசத்தை நீக்க அதை வடிவமைக்கவே இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு ஹொசோகவா அசிடால்டிஹைடுக் கழிவையே ஒரு பூனைக்கு ஊட்டி, 400 என்ற எண் கொண்ட அந்தப் பூனைக்கு அதே நோய் வந்ததைக் கண்டிருந்தார். நிறுவனம் அந்த முடிவை வெளியே விடவில்லை. கழிவு நின்றது 1968-இல், அதுவும் அந்தத் தயாரிப்பு முறையே பழையதாகிப்போன பிறகு.

கறுப்பு நிறமும் முட்டை நாற்றமும்

காசிமேட்டிலோ தூத்துக்குடியிலோ மீன்பிடித் துறைமுகத்தின் ஓரத்தில் நின்றவர்களுக்கு அந்தக் கறுத்த சேறும் அழுகிய முட்டை நாற்றமும் தெரிந்திருக்கும். அந்த நாற்றத்துக்கு வேதியியலில் பெரிய வேலை இருக்கிறது.

சேற்றின் மேல் சில மில்லிமீட்டர்களுக்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்ஃபேட்டைக் கொண்டு மூச்சுவிடுகின்றன. அவை வெளியேற்றுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, முட்டை நாற்றம் அதனுடையது. இந்தக் கந்தகம் இரும்போடு சேர்ந்து கறுப்பு நிறம் தருகிறது. பாதரசம், காட்மியம், ஈயம், செம்பு ஆகியவை இரும்பைவிடவும் இறுக்கமாகக் கந்தகத்தோடு பிணையக்கூடியவை. பிணைந்தபின் அநேகமாக நீரில் கரையவே கரையாது. ஆக, மூக்கைப் பிடித்துக்கொண்டு நாம் தாண்டிப்போகும் அந்தச் சேறு உலோகங்களைப் பூட்டி வைக்கும் அறையாகவும் இருக்கிறது.

பூட்டு நிரந்தரமானதல்ல. சேற்றைக் கிளறி ஆக்சிஜன் படவிட்டால் கந்தகப் பிணைப்பு உடையத் தொடங்கும். மண்புழுவின் கடல் உறவினங்களான பல்சுணைப் புழுக்கள் வளை தோண்டி ஆக்சிஜனை உள்ளே இழுக்கின்றன. கப்பலின் சுழலி கிளறுகிறது, புயல் கிளறுகிறது, தூர்வாரும் எந்திரம் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கிளறுகிறது.

பாதரசத்துக்குக் கூடுதலாக ஒரு வழி உண்டு. 1969-இல் ஸ்வீடனின் ஜென்சனும் ஜெர்னலோவும் மீன்தொட்டியின் அடிச்சேற்றில் சாதாரணப் பாதரசச் சேர்மத்தைப் போட்டு வைத்து, அது மெத்தில் பாதரசமாக மாறுவதைக் காட்டினார்கள். ஒரு கரிமத் துணுக்கு ஒட்டிக்கொண்ட பாதரசம் இது. உடலில் புரதங்களோடு சேர்ந்துகொண்டு மூளைக்குள்ளும் கருவுக்குள்ளும் புகும். மாற்றத்தைச் செய்வது பாக்டீரியாக்கள். பெரும்பாலும் முட்டை நாற்றத்தைக் கிளப்பும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவை. பூட்டு போடுபவரிடமே கள்ளச்சாவியும் இருக்கிறது. இந்த வேலைக்கு வேண்டிய இரண்டு மரபணுக்களை 2013-இல்தான் அடையாளம் கண்டார்கள்.

மினமாட்டாவில் மெத்தில் பாதரசத்தை உண்டாக்கியதும் பாக்டீரியாதான் என்று பல புத்தகங்களில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அது சரியல்ல. அந்தப் பேரழிவின் பெரும்பகுதிக்குக் காரணமான மெத்தில் பாதரசம் ஆலையின் வினைக்கலனுக்குள்ளேயே உபபொருளாக உருவாகி, நேரே கடலுக்கு வந்தது. சேற்றின் பாக்டீரியாமேல் பழியைப் போட்டால் ஆலைக்கு வசதிதான். சேற்றில் படிந்த பழைய பாதரசம் ஆலை நின்ற பிறகும் மீனை அச்சுறுத்தியதே, அதற்குத்தான் பாக்டீரியாவைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நீரில் மிக மிகச் சிறிய அளவில் இருக்கும் மெத்தில் பாதரசத்தைப் பாசி உறிஞ்சும். பாசியைத் தின்னும் நுண்ணுயிர், அதைத் தின்னும் சிறுமீன், அதைத் தின்னும் பெருமீன் என்று ஒவ்வொரு படியிலும் தின்றது உடலில் தங்கும், கழிவது குறைவு. படி ஏறி முடியும்போது பெருமீனின் சதையில் நீரைப்போல் பத்து இலட்சம் மடங்கும் அதற்கு மேலும் சேர்ந்திருக்கும். நம் முதல் கணக்கு கவிழ்ந்த இரண்டாவது இடம் இது.

சேற்றில் இருக்கும் தேதிகள்

ஆண்டுதோறும் படியும் சேறு அடுக்கடுக்காக நிற்பதால் அதற்குத் தேதி உண்டு. நீண்ட குழாயைச் சேற்றில் செங்குத்தாக இறக்கி, உள்ளே நிற்கும் சேற்றுத் தண்டை அப்படியே தூக்கி எடுத்து, வில்லை வில்லையாக வெட்டிச் சோதிப்பார்கள். காற்றிலிருந்து இயற்கையாகவே விழுந்துகொண்டிருக்கும் ஈயம்-210 என்ற கதிரியக்க வகை சுமார் 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எந்த வில்லையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்தால் அது படிந்த ஆண்டு தெரியும். சரிபார்க்க இன்னொரு அடையாளமும் இருக்கிறது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த சீசியம்-137 உச்சத்தில் விழுந்தது 1963 வாக்கில். சேற்றுத் தண்டில் அந்த உச்சம் தெரியும் வில்லைக்கு மேலே இருப்பதெல்லாம் அதற்குப் பிந்தையது.

இப்படித் தேதியிட்ட சேற்றுத் தண்டுகளில் பெட்ரோலில் ஈயம் கலந்த காலம் தனியே எடுத்துக் காட்டும்படி தெரிகிறது. ஈயத்தின் அளவு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏறி, ஈயமற்ற பெட்ரோல் வந்ததும் இறங்குகிறது. எந்த ஆலையும் பழைய கணக்கேடுகளைக் கொளுத்திவிடலாம், அதன் வாசலில் படிந்த சேற்றைக் கொளுத்த முடியாது.

மினமாட்டாவில் இதைவிட உருக்கமான ஆவணம் ஒன்று கிடைத்தது. குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடியைச் சிறு பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானிய வழக்கம், நம்மூரில் தாயத்தில் அடைத்துக் கட்டுவதுபோல. மருத்துவர் ஹராடா மசஸுமி அந்தக் குடும்பங்கள் பாதுகாத்த கொடிகளைக் கேட்டு வாங்கினார். அவற்றிலிருந்த மெத்தில் பாதரசத்தின் அளவைக் குழந்தை பிறந்த ஆண்டின்படி வரிசைப்படுத்திய முடிவு 1975-இல் வெளியானது. ஆலையின் அசிடால்டிஹைடு உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் கொடிகளின் பாதரசமும் ஏறியிருந்தது. தாயிடம் பெரிதாகக் குறி தெரியாமலேயே குழந்தை பாதிப்போடு பிறந்ததற்கும் விளக்கம் அதில் இருந்தது. நச்சுகளை நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்று மருத்துவர்கள் அதுவரை நம்பியிருந்தார்கள்.

எவ்வளவு இருந்தால் தோண்டுவது?

சேற்றில் உலோகம் இருக்கிறது என்று சொல்வது எளிது. எவ்வளவு இருந்தால் ஆபத்து என்று சொல்வது கடினம். எல்லா மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் செம்பும் துத்தநாகமும் ஈயமும் உண்டு. களிமண் சேற்றில் அதிகம், மணலில் குறைவு. இரண்டு துறைமுகங்களை ஒப்பிடும்போது இதை மறந்தால், மணற்பாங்கான துறைமுகம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போய்விடும். களிமண்ணின் அடிப்படைப் பொருள்களில் ஒன்று அலுமினியம். அதனால் உலோகத்தை அலுமினியத்தோடு விகிதமாகப் பார்ப்பது ஆய்வாளர்களின் வழக்கம். களிமண் கொண்டுவந்த பங்கு கழிந்துபோய், மனிதர் சேர்த்தது மட்டும் மிஞ்சும்.

ஜப்பானியச் சுற்றுச்சூழல் முகமை 1973-இல் பாதரசச் சேற்றை அகற்றுவதற்கு ஒரு தற்காலிக வரம்பை வகுத்தது. கடலுக்கு ஒரே எண்ணை அது கொடுக்கவில்லை. ஒவ்வொரு கடற்பகுதிக்கும் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொன்னது. ஓத ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள உயரம் எவ்வளவு? அது அதிகமென்றால் நீர் நன்றாக மாறும், வரம்பைத் தளர்த்தலாம். சேற்றை நீரில் குலுக்கினால் எவ்வளவு பாதரசம் கசிகிறது? கசிவு அதிகமென்றால் வரம்பை இறுக்க வேண்டும். அங்கே மீன்பிடிப்பு உண்டா, உண்டென்றால் பிடிபடுவதில் பாதிக்கு மேல் அடித்தரை மீன்களா? அப்படியானால் வரம்பை இன்னும் பலமடங்கு இறுக்க வேண்டும். மீனவர் வலையில் என்ன விழுகிறது என்பதைச் சேற்றின் வரம்புக்குள் கொண்டுவந்தது இந்த விதியின் நல்ல குணம் என்று நினைக்கிறேன்.

மினமாட்டாவுக்கு இதைப் போட்டுப் பார்த்ததில் 25 பி.பி.எம். வந்தது. 25-க்கு மேல் இருக்கும் சேற்றை அப்புறப்படுத்த வேண்டும். 24 இருக்கும் சேறு கிடக்கலாம். கெடாத சேற்றைவிட அது நூற்றுக்கணக்கான மடங்கு கூடுதல் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும்.

கடலை நிலமாக்கிய வேலை

உலோகம் மட்காது, எரியாது, எந்தப் பாக்டீரியாவும் அதைத் தின்று தீர்க்காது. பூச்சிக்கொல்லி என்றால் நூறு ஆண்டிலாவது சிதையும் என்று காத்திருக்கலாம். பாதரசம் எத்தனை ஆண்டானாலும் பாதரசமே. ஆகையால் துறைமுகத்தைச் சுத்தப்படுத்துவது என்று பேசும்போது, அந்த உலோகத்தை இனி எங்கே வைக்கப்போகிறோம் என்றுதான் முடிவெடுக்கிறோம்.

தோண்டி எடுப்பது ஒரு வழி, இருந்த இடத்திலேயே அடைத்து மூடுவது இன்னொரு வழி. மினமாட்டாவில் இரண்டு வழிகளையும் சேர்த்துக் கையாண்டார்கள். மிக மோசமான உள்மூலையைத் தோண்டவில்லை. எஃகுத் தகடுகளை அடுக்கடுக்காக இறக்கி அதை அணைபோல அடைத்தார்கள். வெளிப்பகுதியில் 25 பி.பி.எம்.-க்கு மேலிருந்த சேற்றை உறிஞ்சி அந்த அடைப்புக்குள் கொட்டினார்கள். வழக்கமான தூர்வாரும் கப்பலில் சேற்றை வெட்டிக் கிளறும் சுழல்கத்தி இருக்கும். இங்கே கத்தி இல்லாத உறிஞ்சுகலத்தைப் பயன்படுத்தினார்கள், பூட்டிய அறையைத் தட்டாமல் தூக்குவதற்காக.

அப்படியும் மக்களுக்கு அச்சம் தீரவில்லை. 1977 அக்டோபரில் தொடங்கிய வேலை இரண்டே மாதத்தில் நின்றது. தோண்டினால் நச்சு மீண்டும் பரவும் என்று அக்கம்பக்கத்தார் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் அச்சத்துக்கு வேதியியலில் இடமிருக்கிறது என்பதை மேலே பார்த்தோம். 1980-இல் வழக்குத் தள்ளுபடியான பிறகே மீண்டும் உறிஞ்சத் தொடங்கினார்கள். 1990-இல் வேலை முடிந்தபோது சுமார் 15 இலட்சம் கன மீட்டர் சேறு 58 ஹெக்டேர் புதிய நிலத்தின் அடியில் கிடந்தது. அதன்மேல் செயற்கை இழைத் துணி, அதன்மேல் ஷிராசு என்ற இலேசான எரிமலைச் சாம்பல் மண், எல்லாவற்றுக்கும் மேலே மலைமண். கனமான மண்ணை நேரே கொட்டினால் கூழான சேறு பக்கவாட்டில் பிதுங்கிவிடும் என்பதற்காக இந்த வரிசை. செலவு 4,850 கோடி யென். பெரும்பங்கு சிஸ்ஸோவின் தலையில் விழுந்தது.

இதற்கிடையே மீனை என்ன செய்வது? 1974-இலிருந்து விரிகுடாவின் வாயை வலையால் மறித்தார்கள். கப்பல்கள் போய்வர ஓர் இடைவெளி விட வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் நீருக்கடியில் ஒலி எழுப்பி மீனைத் துரத்தும் கருவிகளை வைத்தார்கள். உள்ளே பிடிபட்ட நச்சு மீனை நிறுவனம் விலைக்கு வாங்கியது. அதில் ஒரு பகுதியைப் பீப்பாய்களில் அடைத்து அதே நிலத்துக்குள் புதைத்தார்கள். தோண்டிய பிறகு எடுத்த சேற்று மாதிரிகளில் பாதரசம் 12 பி.பி.எம்.-ஐத் தாண்டவில்லை. மீனில் அனுமதித்த அளவு 0.4 பி.பி.எம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எல்லா மீன்வகைகளும் அதற்குக் கீழே இருந்தபின், 1997 ஜூலையில் குமமோட்டோ ஆளுநர் விரிகுடா பாதுகாப்பானது என்று அறிவித்தார், வலையை எடுத்தார்கள்.

58 ஹெக்டேர் இப்போது பூங்காவும் விளையாட்டுத் திடலுமாக இருக்கிறது. எஃகுத் தகட்டுச் சுவருக்குச் சுமார் 50 ஆண்டு ஆயுள் என்று கணித்திருந்தார்கள். உப்புநீரில் நிற்கும் எஃகு, நிலநடுக்கம் வரும் பகுதி. குமமோட்டோவில் 2016-இல்கூடப் பெரிய நடுக்கம் வந்தது. பாதரசத்துக்கு ஆயுள் கணக்கு கிடையாது என்பதால் சுவரைப் பராமரிக்கும் வேலைக்கும் முடிவுத் தேதி கிடையாது.

எல்லாத் துறைமுகத்திலும் ஆலை இல்லை

மினமாட்டா ஓர் உச்சகட்ட உதாரணம். சாதாரணத் துறைமுகத்தின் அடிச்சேற்றில் மிகுந்திருப்பது பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும். இவை வருவது கப்பலிலிருந்தேதான். கப்பலடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாதிருக்கச் செம்பு ஆக்சைடு கலந்த வண்ணம் பூசுகிறார்கள். உடலின் எஃகு துருப்பிடிக்காதிருக்கத் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள், எஃகுக்குப் பதிலாக அவை கரைந்து தீரும். பழுதுபார்க்கும் இடத்தில் பழைய வண்ணத்தைச் சுரண்டினால் செதில்கள் நீரில் விழும். முன்பு வெள்ளீயச் சேர்மம் ஒன்றைப் பூசினார்கள். பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே சீர்குலைந்தது, சில கடல்நத்தைகளில் பெண்ணுக்கு ஆணுறுப்பு முளைத்தது. அந்த வண்ணத்தைத் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 2001-இல் கையெழுத்தாகி 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் உதிர்ந்த செதில்கள் கப்பல்துறைச் சேறுகளில் இன்னும் கிடக்கின்றன.

ரைன் ஆற்றின் மேல்முனைக்கு

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்துக்கு வேறு வகைச் சிக்கல். ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி கன மீட்டர் சேற்றை அது தூர்வாரியாக வேண்டும். முன்பெல்லாம் அதைக் கடலில் கொட்டினார்கள், தாழ்வான வயல்களில் பரப்பினார்கள். அந்தச் சேற்றில் காட்மியமும் பாதரசமும் பிறவும் இருப்பது தெரிந்ததும் கெட்ட சேற்றுக்கு வைப்பிடம் தேட வேண்டியதாயிற்று. கடலோரத்தில் ஸ்லஃப்டர் என்ற பெருங்குழியைக் கட்டி 1987-இல் திறந்தார்கள். பரப்பு 260 ஹெக்டேர், கொள்ளளவு சுமார் 15 கோடி கன மீட்டர்.

குழியைக் கட்டியதோடு துறைமுகத்தார் நிற்கவில்லை. அவர்கள் சேற்றிலிருந்த உலோகத்தில் பெரும்பங்கு அவர்கள் ஊரிலேயே பிறந்ததல்ல. ரைன் ஆறு ஸ்விட்சர்லாந்து, பிரான்சு, ஜெர்மனி வழியாகச் சுமந்து வந்தது. 1984-இல் ஆய்வுக் குழு ஒன்றை அமைத்து, ஆற்றின் கரையோரம் எந்த ஆலையின் எந்தக் குழாய் எவ்வளவு உலோகத்தைத் தருகிறது என்று தேடிப் போனார்கள். கண்டுபிடித்தபின் அந்த ஆலைகளிடம் பேசினார்கள், கூடவே கழிவைக் குறைக்காவிட்டால் தூர்வாரும் கூடுதல் செலவைக் கேட்டு வழக்குப் போடுவோம் என்பதையும் தெரியப்படுத்தினார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மன் வேதித்தொழில் சங்கம் உட்படப் பலர் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

ரைனின் சேறு ஆண்டுக்கு ஆண்டு தேறிவந்தது. குழிக்குப் போக வேண்டிய பங்கு குறைந்து, பெரும்பகுதிச் சேற்றை மீண்டும் கடலிலேயே விடும் தரத்துக்கு வந்தார்கள். ஸ்லஃப்டர் 2002 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கிட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த ஆண்டு வந்து போன பிறகும் அதில் இடம் மிச்சமிருந்தது.